பிறநாட்டுப் பிரயாணமும் விசாவும்

(சேர்வராயன் மலை ஏற்காட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



உத்தியோகத்தின் பொருட்டும், கல்வியின் பொருட்டும் நம்மவருள் பலர் இப்பொழுது பிறநாடு செல்கின்றனர். அயல்நாட்டில் வாழும் மக்களையும் பேரக் குழந்தைகளையும் கண்டுவர விரும்பும் முதியோரும் உளர். ஆதலின், விசா என்பது யாது, அதனைப் பெறும் வகை எங்ஙனம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்தோம். நாம் சொல்லப் புகுவதன் சாரம் ஒன்றே. எக்காரியத்திற்காகச் செல்கின்றோமோ அக்காரியத்திற்குரிய விசாவையே பெறுதல் வேண்டும். அதில் எழுதியிருப்பதை நாமே படித்தறிதல் வேண்டும்.

கடல் கடந்து செல்லுதல் நம் ஜில்லாவிற்குப் புதிதன்று. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். பின்னர்ச் சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறினோர் ஒருபுறமிருக்க, கங்காணிகளின் பின்னே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றோரும் அநேகர். 1901 முதல் அங்ஙனம் சென்ற தொழிலாளியின் கழுத்தில், தோட்டத்தின் எண்ணும் அவனுடைய எண்ணும் பொறித்த தகர வில்லை யொன்று தொங்கவிடப்பட்டது. அதில் பொறித்திருந்ததைப் படிக்கவறியாத எளியவன், தான் போகும் இடத்தையும், தன் தலைமேல் ஏறும் கடனையும் பிறர் வாய்க் கேட்டே அறிந்தான். இக்காலத்தில் நம் கையிலுள்ள விசாவை நாம் படியாது விடுவோமாயின், அந்தத் தகர வில்லைக்கும் இதற்கும் பேதம் யாது?

முதலாவது வேண்டுவது பாஸ்போர்ட். அது நம் அரசாங்கம் 1967ஆம் வருஷத்துச் சட்டப்படி நமக்கு அளிப்பது. விசாவோ நாம் செல்லும் நாட்டார் அளிப்பது. பாஸ்போர்ட்டிற்கு இணையத்தில் விண்ணப்பித்து, சேலம் தபால் நிலையத்திலுள்ள சேவை மையத்திற்கு நேரிற் செல்லலாம். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கு அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும். ஆகையால் மலைக்கிராமங்களில் குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யத் தவறலாகாது.

பெயர் விஷயத்தில் நம் தமிழர் விசேஷ ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். நாம் தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் வைத்துக்கொள்பவர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தார், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மாத்திரம் உடையோரை விசிட் விசாவில் ஏற்பதில்லை யென்று அறிவித்தனர். தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ அதில் வேறிடத்திற் காணப்படின் ஏற்பதாகப் பின்னர் விளக்கினர். எனவே தலைப்பெழுத்தை விரித்தெழுதி, பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் யாவற்றிலும் பெயர் ஒன்றுபோலிருக்கச் செய்க.

அடுத்தது விசா. சுற்றிப் பார்க்க ஒன்று, படிக்க ஒன்று, வேலை செய்ய ஒன்று என அது பலவகைப்படும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி இருத்தல் பல நாடுகளின் நிபந்தனை. ஷெங்கன் விசாவிற்குப் பிரயாணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். அமெரிக்கா செல்வோர் டி.எஸ்.160 என்னும் படிவத்தை நிரப்புதல் வேண்டும். சென்னைத் துணைத்தூதரகத்தில் நேர்காணலும் உண்டு. பாங்கிக் கணக்கைக் காட்டவேண்டின், உள்ளதை உள்ளபடி காட்டுக. கைமாற்று வாங்கித் திடீரென்று பெருந்தொகையைப் போட்டுவைத்தல் சந்தேகத்திற்கே இடமாகும். பொய்ச் சான்றிதழ் கொடுப்போர்க்கு அந்நாட்டுக் கதவு நெடுங்காலம் அடைபடக் கூடும்.

இனி, வேலைக்குச் செல்வோர்க்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புத் தேறாதோர் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். என்னும் வகையைச் சேர்ந்தது. அத்தகையோர் சவூதி, குவைத்து, மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி அநுமதி பெறுதல் வேண்டும். இதனைத் தொல்லையென்று கருதி, "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகரும் உளர். அவர் சொற் கேட்போர்க்கு ஒப்பந்தமும் இல்லை. பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் இல்லை. கூலி கொடாவிடில் வழக்காட வகையும் அரிது. ஏஜண்டு அரசாங்கப் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்திற் பார்த்தறியலாம். அவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கு மேற் கேட்பின் கொடாதீர். கொடுத்ததற்கு ரசீது பெறுக.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்னும் ஆசை வார்த்தையை நம்பிச் சென்ற நம் நாட்டு வாலிபர் பலர், தமிழரும் உட்பட, மியான்மர் நாட்டு மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறரை மோசஞ்செய்யும் தொழிலைச் செய்யும்படி வதைக்கப்பட்டனர். 2022ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் அவருட் பலரை மீட்டுக் கொணர்ந்தனர். அவர்கள் கல்வியறிவில்லாதவர் அல்லர். வேலைக்கென்று அழைத்தவர் வேலை விசா கொடாததேன் என்னும் ஒரு கேள்வியை முன்னரே கேட்டிருந்தால் பலர் தப்பியிருத்தல் கூடும்.

சகோதரர்களே! காட்டை விற்று, மிளகுக் கொடியை அடகு வைத்து, தாயாரின் தாலியையும் கழற்றிக் கொடுத்து அனுப்பப்படும் பிள்ளை அவன். அவன் புறப்படுமுன் விசாவையும் வேலை ஒப்பந்தத்தையும் படித்தவர் இருவர் பார்த்து, வகை யாது, காலம் எத்துணை, கூலி எவ்வளவு என்று தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். இதற்கெனச் சங்கத்தில் ஒரு சிறு கமிட்டி அமைத்தல் நலம். படித்த வாலிபர்களும் பெண்மணிகளும் இத்தொண்டிற்கு முன்வருவார்களாக. பிரதிகளை வீட்டிலும் ஒரு தொகுதி வைத்துக்கொள்க. பாஸ்போர்ட்டைப் பிறர் கையில் ஒப்புவியாதீர்.

நம்மவர் செல்லும் வழி நேர்வழியாயிருப்பின், திரும்பும் வழியும் திறந்திருக்கும். எல்லோரும் சுகமே சென்று சுகமே மீள்வார்களாக.