நம் கையால் ஒரு குழல்

இசைக் கருவிகளுள் உறுப்புக்கள் மிகக் குறைந்தது எது என்று கேட்டால், புல்லாங்குழல் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். அதற்கு நரம்பு இல்லை, தோல் இல்லை, பிருடை இல்லை. ஒரு மூங்கில் துண்டு, ஒரு முனையில் அடைப்பு, சில துளைகள், அவ்வளவே. உறுப்புக் குறைந்த கருவியாதலால் அதைச் செய்வதும் எளிதாகவே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. வீணையில் சுருதி பிசகினால் பிருடையைத் திருகிச் சரி செய்துகொள்ளலாம். குழலில் துளை பிசகினால் திருகுவதற்கு ஒன்றுமில்லை. வெட்டியதை ஒட்ட முடியாது. அகன்ற துளையைச் சுருக்குவதும் அரிது. ஆகவே, குழல் செய்யப் புகுகிறவருக்கு முதலில் வேண்டுவது கருவிப் பெட்டியன்று, பொறுமையே.

டில்லியில் அலுவலகங்களில் பணி புரியும் நாங்கள் சிலர், விடுமுறை நாட்களில் குழல் செய்து பழகி வருகிறோம். நாங்கள் தச்சரும் அல்லோம், வித்துவான்களும் அல்லோம். கோப்புக்களுக்கும் அகராதிகளுக்கும் இடையே பொழுதைக் கழிப்பவர்கள். எங்களைப் போலப் புதிதாகத் தொடங்குவோர்க்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் மூங்கிலைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் மரமா, புல்லா? தொல்காப்பியர் மரபியலில் இதற்கு விடை தந்திருக்கிறார். வயிரம் உள்ளே இருந்தால் அது மரம். வெளியே இருந்தால் அது புல். தாவர நூலாரும் மூங்கிலைப் புல் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், மரம் என்னும் சொல்லுக்குக் கூறிய விளக்கத்தில் மூங்கிலையும் சேர்த்துவிட்டது. தன் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டவும் வேற்றூருக்குக் கொண்டு செல்லவும் உழவர்கள் பல இடங்களில் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்விளக்கத்தினின்று மூங்கில் நீக்கப்பட்டது. சட்டங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாக உடைய எங்களுக்கு, ஒரே ஒரு சொல்லை நீக்கியதால் இவ்வளவு சுமை இறங்கியது கண்டு வியப்பும், தொல்காப்பியர் வென்றார் என்று ஒரு மகிழ்ச்சியும் உண்டாயின.

வயிரம் வெளியே இருக்கிறது என்பது இலக்கணச் செய்தி மட்டுமன்று; குழல் செய்வோர்க்கு அதுவே முதற் பாடம். மூங்கிலின் பளபளப்பான மேற்றோல்தான் அதன் வலிமை. அழகுக்காக அதைச் சுரண்டி எடுத்தால் குழல் விரைவில் வெடிக்கும். உட்புறமோ மென்மையானது. நீண்ட குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே தேய்த்து எவ்வளவு வழவழப்பாக்கினாலும் தீங்கில்லை, நாதம் தெளிவாகும்.

குழலுக்கு ஏற்ற மூங்கிலுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே நீளம் மிகுந்திருக்க வேண்டும். சுவர் மெலிந்திருக்க வேண்டும். உட்புழை வட்டமாகவும் நேராகவும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு முதிர்ந்த மூங்கிலை, மழை ஓய்ந்து ஈரம் குறைந்த பருவத்தில் வெட்டி, நிழலில் பல மாதம் உலர்த்துவது வழக்கம். வெயிலில் வைத்து அவசரமாக உலர்த்தினால் பிளவு காணும். பச்சை மூங்கிலில் சுருதி சேர்த்தால், அது உலர்ந்து சுருங்கும்போது சேர்த்த சுருதியும் உடன் போய்விடும்.

வட இந்தியாவில் குழல் என்றதும் நினைவுக்கு வரும் ஊர், உத்தரப் பிரதேசத்தில் இமயமலை அடிவாரத்தை அடுத்துள்ள பீலிபீத். பல தலைமுறைகளாக அங்கே குழல் செய்து வருவோர் பெரும்பாலும் இசுலாமியக் குடும்பத்தினர். கண்ணன் கையில் நாம் கற்பனை செய்யும் வேய்ங்குழல் அக்குடும்பங்களின் அடுப்பங்கரையில்தான் உருவாகிறது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. அவர்களுக்கு வேண்டிய மூங்கில் அஸ்ஸாமில் சில்சார்ப் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு சிறு குழல் நம் கைக்கு வருமுன் நாட்டின் குறுக்கே எத்தனை காதம் கடந்து வருகிறது, பாருங்கள்!

இனிச் செய்முறைக்கு வருவோம். தொடக்கத்தில் மிகச் சிறிய குழலும் வேண்டாம், மிகப் பெரியதும் வேண்டாம். சிறியதில் மயிரிழைப் பிழையும் காதில் உறுத்தும். பெரியதில் விரல்கள் எட்டா. ஒரு கட்டைச் சுருதிக்கு ஏற்ற, ஆறு விரல்துளைகள் கொண்ட வடநாட்டுக் குழல் பழகுவோர்க்கு ஏற்றது. அதற்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் உட்புழையும், 2 அல்லது 3 மில்லிமீட்டர் சுவரும் உடைய மூங்கில் வேண்டும்.

முதலில் வாய்த்துளையை மட்டும் இடுங்கள். அது முட்டை வடிவில், ஓரம் கூர்மையாக இருக்கட்டும். அடைப்பாக உள்ளே செருகும் தக்கை, வாய்த்துளையின் நடுவிலிருந்து ஏறத்தாழ உட்புழையின் அகலத்தளவு தள்ளி நிற்க வேண்டும். இப்போது ஊதிப் பாருங்கள். இந்த ஒரு துளையில் நாதம் தெளிவாகப் பிறக்காவிட்டால், மற்ற ஆறு துளைகளை இட்டும் பயனில்லை.

அடுத்து நீளம். காற்றில் ஒலியின் வேகம் 25 டிகிரி வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர். ஒரு கட்டைச் சுருதிக் குழலில் துளைகளை எல்லாம் மூடி ஊதும்போது பிறப்பது கீழ்ப் பஞ்சமம். அதன் அதிர்வு வினாடிக்கு 392. கணக்குப்படி காற்றுத்தம்பம் 44 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் வாய்த்துளையும் திறந்த முனையும் அத்தம்பத்தைச் சற்றே நீட்டிக் காட்டுவதால், வாய்த்துளையிலிருந்து முனை வரை உண்மையில் 39 அல்லது 40 சென்டிமீட்டரே தேவைப்படும். முதலில் 42 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தம்புராவை மீட்டிக்கொண்டு சிறிது சிறிதாக முனையைத் தேயுங்கள். தேயத் தேயச் சுருதி ஏறும். பஞ்சமம் சேர்வதற்கு ஒரு மயிரிழை முன்னரே நின்றுவிட வேண்டும்.

விரல்துளைகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டு இடுவதே பழைய முறை. துரப்பணத்தை முரட்டுத்தனமாகச் செலுத்தினால் மூங்கில் நார் நெடுக்காகப் பிளந்துவிடும்; நெருப்போ நாரைப் பிளக்காமல் வழி செய்துகொள்ளும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையன், தீக்கடைகோலில் பிறந்த நெருப்பைக் கொண்டே தன் குழலில் துளையிடுகிறான். அவன் செய்ததையே பீலிபீத்தில் இன்றும் செய்கின்றனர். வீட்டில் இதைச் செய்வோர், புகை வெளியேறும் இடத்தில் அமர்ந்து, கனத்த துணியால் கம்பியைப் பற்றிக்கொள்ள வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது.

துளைகளின் இடத்தை எவ்வாறு குறிப்பது? சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், குழலின் நீளம் 20 விரல், சுற்றளவு 4½ விரல் என்று தொடங்கி, துளைகளுக்கும் விரற்கணக்கே கூறுகிறார். பழகுவோர் நல்ல குழல் ஒன்றை முன்னே வைத்து, அதன் அளவுகளை ஒரு குச்சியில் பதித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மூங்கில்கள் ஒருபோதும் ஒன்றாக இரா. ஆதலால் குச்சி வழி காட்டுமேயன்றி முடிவு சொல்லாது. முடிவு சொல்வது செவியே.

திறந்த முனைக்கு அருகிலுள்ள துளையிலிருந்து தொடங்குக. துளையை முதலில் சிறியதாகவே சுடுக. துளை அகன்றால் சுருதி ஏறும். ஆகவே தாழ்ந்து நிற்கும் சுரத்தை வட்ட அரத்தால் மெல்ல மெல்ல உயர்த்தலாம். மிஞ்சி ஏறியதை இறக்குவது கடினம். ஒவ்வொன்றாகத் துளைகளைத் திறந்து வந்தால் தைவதம், நிஷாதம், ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், இறுதியில் பிரதி மத்தியமம் என்று நம் கல்யாணியின் சுரங்களே பிறக்கும். நிஷாதத்துக்கும் ஷட்ஜத்துக்கும் இடைவெளி அரைச்சுரமே ஆதலால் அத்துளைகள் இரண்டும் சற்று நெருங்கி நிற்கும். இன்னொரு நுட்பம்: மூடிய துளையின் குழிவும் உட்புழையைச் சிறிது பெருக்குகிறது. மேல்துளைகளை இட்டபின், முன்பு சேர்ந்த கீழ்ச்சுரங்கள் மயிரிழை தாழக் காண்பீர்கள். ஆகவே ஒரே நாளில் முடிக்க முயலாமல், மறுநாள் புதிய செவியுடன் அமர்ந்து மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் நல்லாசிரியராக அமைந்தது டில்லியின் தட்பவெப்பமே. 10 டிகிரி வெப்பம் குறைந்தால் குழலின் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். மே மாதத்தில் தம்புராவோடு ஒன்றி நின்ற குழல், ஜனவரி விடியலில் தாழ்ந்து முனகும். சிறிது நேரம் மூச்சால் சூடேற்றிய பின்னரே அதன் உண்மைச் சுருதி வெளிப்படும். குளிர்ந்த குழலை அரத்தால் திருத்த முற்படலாகாது.

முடிந்த குழலின் இரு முனைகளிலும் இறுக்கமாக நூல் சுற்றுங்கள். உள்ளும் புறமும் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். வடக்கே கடுகெண்ணெய், தெற்கே நல்லெண்ணெய். எண்ணெய் பெற்ற மூங்கில் கோடையின் வறட்சியைத் தாங்கும்.

இடையரின் குழலை வடநாட்டுச் சங்கீத மேடையில் ஏற்றிய பன்னாலால் கோஷ் 1911-இல் பிறந்தவர். 1956-இல் டில்லி வானொலியின் வாத்தியக் குழுவுக்குத் தலைவராக வந்து, 1960-இல் மறைந்தார். ஆலாபனைக்குரிய ஆழ்ந்த நாதத்தைத் தேடிப் பலவகைப் பொருள்களிலும் குழல் செய்து பார்த்து, முடிவில் ஏறக்குறைய 32 அங்குல நீள மூங்கிலையே அவர் தேர்ந்துகொண்டார். மாமேதையே இவ்வாறு தேடி உழைத்தார் என்றால், பழகுவோர் இரண்டு மூன்று மூங்கில்களைச் செலவிட அஞ்சுவானேன்?

இறுதியாக ஒன்று. டில்லித் தெருக்களில் நீண்ட கழியில் குழல்களைக் கொத்தாகச் செருகி, தாமே ஒன்றை ஊதியபடி செல்லும் வணிகர்களைக் காணலாம். அவரை நிறுத்திச் சில ரூபாய்க்குப் பேரம் பேசாதவர் நம்மில் குறைவு. ஒரு குழலைத் தம் கையால் செய்து பார்த்தவர், அதில் தேய்த்த மணி நேரத்தையும் புகையில் எரிந்த கண்களையும் அறிவார். அவர்க்குப் பேரம் பேச நா எழாது. விலை மலிந்த பிளாஸ்டிக் குழல்கள் கடைகளை நிறைத்துள்ள இந்நாளில், மூங்கில் சுடும் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு தொழில் நாடினால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அக்கைத்தொழில் நிலைப்பது, அதன் அருமையறிந்து உரிய விலை கொடுக்கும் கைகளைப் பொறுத்தது. அந்த அருமையை அறிவதற்கேனும் நேயர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை ஒரு மூங்கிலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.