மண்ணுக்கேற்ற விதை

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்த நாம் சோற்றோடு சப்பாத்தியையும் பழகிக்கொண்டோம். அக்கோதுமையின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

முன்னாளில் பயிரிட்ட நெட்டை வகைகளுக்கு உரம் மிகுதியாக இட்டால், கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். ஜப்பானிய 'நோரின் 10' வகையின் குட்டைத் தன்மையை மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் தம் கோதுமையிற் புகுத்தினார். 1966ஆம் ஆண்டில் அங்கிருந்து 18,000 டன் விதை இந்தியாவுக்கு வந்தது.

ஆயினும், விளைச்சல் மிக்க ஒரே விதை எங்கும் பொருந்துவதில்லை. பஞ்சாபில் குளிர் நீடிக்கும். பீகாரிலோ நெல் அறுத்த பின்னரே பல வயல்கள் கோதுமைக்குக் கிடைக்கும். வெப்பமும் முந்தி வந்துவிடும். அங்கே விரைவில் முதிரும் 'சோனாலிகா' கைகொடுத்தது. மானாவாரி நிலத்துக்கோ நெட்டையான 'சி 306' ஏற்றதாயிற்று.

நோயும் ஒரு சோதனையே. பெரும்பரப்பில் விளைந்த 'கல்யாண் சோனா' 1970களில் துருநோய்க்கு இரையாயிற்று. தண்டுத் துருவின் வித்துகள் நீலகிரி, பழனி மலைகளில் கோடையைக் கழித்து, காற்றேறி மத்திய இந்தியாவை அடைகின்றன. ஆகையால் நீலகிரியின் வெல்லிங்டனிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் நோயெதிர்ப்பு வகைகளை உருவாக்கிச் சோதிக்கின்றனர்.

கோதுமை அரிதாக விளையும் நம் தமிழ் மண்ணும் இவ்வாறு வடநாட்டு வயல்களைக் காக்கிறது. வந்த மண்ணின் இயல்பறிந்து வேரூன்றும் விதையே பலன் தரும்; இது நமக்கும் பொருந்துவதன்றோ?