வெப்பநிலை: ஒரு சொல்லும் அதன் பொருளும்

 

இயற்பியல் வகுப்பில் நாள்தோறும் வழங்கும் 'வெப்பநிலை' என்னும் ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இச்சொல்லின் முதற்பகுதி தொன்மையானது. 'வெம்மை' என்பது வெந்நீரில் இன்றும் வாழ்கிறது. பாண்டியனைப் பற்றிய காய்ச்சலும் 'வெப்பு நோய்' எனவே வழங்கிற்று. பிற்பகுதியாகிய 'நிலை', 'நில்' என்னும் வினையடியாகப் பிறந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் கண்டனர். அக்காலத்திற்குப் பின் 'உஷ்ணநிலை' என்ற வடிவமும் வழங்கியது. 'உஷ்ணம்' விலகி 'வெப்பம்' நிலைபெற்றபோதும் 'நிலை' விலகவில்லை. கருத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

காய்ந்த இரும்பைத் தண்ணீரில் இட்டால், வெப்பம் இரும்பிலிருந்து நீருக்குப் பாய்கிறது. அப்பாய்ச்சல் நிற்கும்போது இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. பாய்வது வெப்பம், அது ஜூல் என்னும் அலகால் அளக்கப்படும் ஆற்றல். பாயுமா, நிற்குமா என்பதை முடிவு செய்வது வெப்பநிலை. அதன் அலகு கெல்வின் அல்லது செல்சியஸ் பாகை.

ஒரு கோப்பைத் தேநீரையும் நமது ஜொகூர் நீரிணையையும் ஒப்பிடுங்கள். சூடான தேநீரின் வெப்பநிலையே உயர்ந்தது. ஆயினும், நீரிணை முழுவதையும் ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பத்தின் முன் கோப்பையின் வெப்பம் மிக அற்பம். மேலும், 0 பாகையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் வேண்டும். உருகி முடியும் வரை வெப்பநிலை ஏறுவதில்லை. இவ்வேறுபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜோசப் பிளாக் தெளிவுபடுத்தினார்.

மலாய்மொழியில் 'ஹபா', 'சுஹு' என இரு தனிச்சொற்கள் உள்ளமையால் மயக்கம் குறைவு. தமிழிலோ இரண்டும் 'வெப்பம்' என்றே தொடங்குவதால், "இன்று வெப்பம் 34 பாகை" என எழுதிவிடுகிறோம். 'வெப்பமானி' என்னும் வழக்கும் இம்மயக்கத்தை வளர்க்கிறது. 'வெப்பநிலைமானி' என்பதே பொருத்தம்.

2003 முதல் சில ஆண்டுகள் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. சொற்கள் பாடநூலுக்குத் திரும்புவது எளிது. பொருளோடு மாணவர் நாவுக்குத் திரும்புவது ஆசிரியர் கையில்தான் உள்ளது. வரையறையை ஒப்புவிக்கச் சொல்லுமுன், 'நிலை' எதைக் குறிக்கிறது என்று ஒருமுறை வினவுங்கள். அதற்கு விடை கண்ட மாணவன் பாடத்தின் பாதியைக் கற்றவனாவான்.