யார் கூப்பிட்டது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தலைமையாசிரியர் ஒரு கேள்வியையும் சேர்த்தே கொடுத்தார். "ஐயா, நீங்க கிறிஸ்தவர். முப்பத்தாறு வருஷம் தமிழ்ப்பள்ளியில வேலை செஞ்சீங்க. இதுதான் ஆண்டவன் உங்களுக்குக் கொடுத்த வேலைன்னு எப்படித் தெரிஞ்சுது? அதைச் சொல்லுங்க" என்றார்.

நான் தயங்கினேன். இந்த மண்டபத்தில் திருநீறு பூசிய நெற்றிகளே அதிகம். ஆனால் நம் பிரிக்பீல்ட்ஸை நினைத்துப் பாருங்கள். 1894ல் சிங்களச் சமூகத்தார் தொடங்கிய சங்கத்தின் பௌத்த விகாரை, 1904ல் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமம், 1924ல் எழுந்த சீயோன் லூத்தரன் ஆலயம், எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒருவர் மணியோசை மற்றவருக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. ஆகவே என் சமயத்து வார்த்தைகளிலேயே பேசுகிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை விட்டுவிடுங்கள்.

காப்பார் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன் நான். மூன்று வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட இரவில் என் தாயார் முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை செய்தார். "இவனைப் பிழைக்க வையும் ஆண்டவரே, இவனை உம்முடைய ஊழியத்துக்கே விட்டுடுறேன்." பிழைத்தேன். அன்று முதல் லயத்தில் உள்ள அத்தனை பேருக்கும் நான் "சின்ன ஐயர்". எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கோலி விளையாடினால்கூட, "சின்ன ஐயர் கோலி விளையாடலாமா?" என்பார்கள்.

படிவம் ஐந்து முடித்த வருஷம் எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. கடைசி இரவு, "ஆண்டவர் அழைப்பைக் கேட்டவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்கள். எல்லாக் கண்ணும் என் மேல். என் தாயார் முன்வரிசையில் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். "நேற்றிரவு ஆண்டவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்" என்று சாட்சி சொன்னேன்.

வாசகர்களே, நேற்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

சபையே அழுதது. பால் வெட்டிப் பிழைக்கிற ஏழைச் சனங்கள், என் இறையியல் படிப்புக்கென்று அறுபத்து மூன்று வெள்ளி சேர்த்து என் கையில் கொடுத்தார்கள். அந்தக் காலத்து அறுபத்து மூன்று வெள்ளி!

படிப்புக்கு விண்ணப்பிக்க மூத்த போதகர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு வயதான ஐயரிடம் அனுப்பினார்கள். கிள்ளானில் பஸ் ஏறிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திருநெல்வேலிக்காரர், குள்ளமான மனிதர், பேச்சில் சிக்கனம். கோப்பி கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "கூப்பிட்டாருன்னு சொன்னியாம். எந்தக் குரல் தம்பி அது?"

என்னால் வாய் திறக்க முடியவில்லை. அவரே வேதாகமத்தை விரித்து, பாலன் சாமுவேலின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த கதை. அன்னாள் என்ற தாய் பிள்ளை வரம் கேட்டுப் பொருத்தனை செய்கிறாள். பிள்ளை பிறந்து பால் மறந்ததும் கோவிலில் கொண்டுபோய் ஏலி என்ற முதிய ஆசாரியரிடம் விட்டுவிடுகிறாள். பின்னர் ஒரு இரவில் அவன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கேட்கிறது. ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். "நான் கூப்பிடலையே, போய்ப் படு" என்கிறார் அவர். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவைதான் ஏலிக்கே புரிகிறது, இது ஆண்டவர் குரல் என்று.

"பார்த்தியா தம்பி," என்றார் ஐயர். "பொருத்தனை பண்ணினது அன்னாள். ஆனா ராத்திரியில குரல் கேட்டது அன்னாளுக்கு இல்ல, சாமுவேலுக்கு. பொருத்தனை வேற, அழைப்பு வேற. அந்தப் பிள்ளை மூணு வாட்டி தப்பான ஆளுகிட்ட ஓடினான், அது தப்பே இல்ல. நீ ஒரு வாட்டிகூட எழுந்திரிக்காம, ஓடி வந்தேன்னு சொல்லிட்டே. அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. இன்னொரு சாமுவேலின் கதையைச் சொன்னார். அந்தக் கதையைப் பிற்பாடு நான் தேடித் தேடிப் படித்தேன். படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ல் திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் அவ்வூர்ப் போதகர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பட்டம் பெறாமலே வெளியே வந்தார். (பரிசு கிடைக்காத பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.) 1895ல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் செயலாளராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றி வாலிபர்களிடையே உழைத்தார். ஆக, ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்தான். கூட்டம் போடுகிறவர், பேசுகிறவர், நாலு பேர் மதிக்கிற மனிதர்.

1902ல் யாழ்ப்பாணம் போனார். யாழ்ப்பாணம் என்றதும் நமக்கு வேறொரு ஞாபகமும் வரும். 1816 முதல் அமெரிக்க மிஷன் அங்கே பள்ளிகள் நடத்தியது, 1823ல் வட்டுக்கோட்டையில் குருமடம் தொடங்கியது. அத்தகைய பள்ளிகளில் ஆங்கிலம் படித்துத்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை 1886ல் ரயில் ஓடத் தொடங்கியபின், ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிமாராக அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸின் பழைய குடும்பங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் அசரியா ஒன்றைக் கண்டார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிக்குத் தங்கள் ஊழியரை அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையோ அதைவிடப் பெரியது. அது அதுவரை அப்படி ஒருவரையும் அனுப்பியதில்லை. வெள்ளைக்காரர் வருவார், வெள்ளைக்காரர் பணம் வரும், நாம் பெற்றுக்கொள்வோம் என்றே இருந்துவிட்டது. அசரியாவுக்கு வெட்கம் வந்தது.

"அவருக்கு வானத்துல இருந்து குரல் கேட்கல, தம்பி. வெட்கம் வந்துச்சு," என்றார் ஐயர். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

வெட்கப்பட்டவர் என்ன செய்தார்? ஊர் திரும்பினார், பேசினார், ஆள் சேர்த்தார். 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம். 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் சேரம்பூரில் அகில இந்திய அளவில் இன்னொரு சங்கமும் பிறந்தது, அதிலும் அவர் பங்கு பெரிது. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஊழியர்கள் போனார்கள். போகச் சொன்னவர் இவர். ஆனால் போனவர் இவரில்லையே? அந்த முள் அவருக்குள் குத்திக்கொண்டே இருந்தது. 1909ல், முப்பத்தைந்தாவது வயதில், நல்ல பதவியை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல்லுக்குப் போனார். அந்த வயதில் தெலுங்கு கற்று ஏழை எளியவர் குடிசைகளில் வேலையைத் தொடங்கினார்.

பிறகு நடந்தது சரித்திரம். 1910ல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகள் எங்களுக்கு எத்தனையோ கொடுத்தீர்கள், நட்பையும் கொடுங்கள் என்று வெள்ளைக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார். சிலர் கைதட்டினார்கள், சிலர் கோபப்பட்டார்கள். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே கண் மூடினார். ஆனால் எனக்கு இந்தப் பெருமைகளைவிட 1902க்கும் 1909க்கும் இடையிலுள்ள அந்த ஏழு வருஷம்தான் முக்கியம். கித்தாக் கன்றை நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தானே பால் வெட்டலாம்? அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் மரம் கெடும். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.

ஐயர் எனக்குக் கடிதம் தரவில்லை. "ஒரு வருஷம் பொறு. சும்மா இருக்காதே, ஏதாவது வேலை பாரு. எது உன்னை உறுத்துதுன்னு பாரு. அப்புறம் இன்னொண்ணு. சபை முன்னால சொன்னதைச் சபை முன்னாலயே திருத்தணும்" என்றார்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு. முதல் மாதம் மணியடிக்கும் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. அந்த வகுப்பில் ஒரு பையன். வாசிக்கச் சொன்னால் உடனே வயிற்றுவலி வந்துவிடும். ஒருநாள் அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, படத்தைப் பார்த்து ஒப்பித்து மூன்றாம் வகுப்பு வரை வந்திருக்கிறான். ஓர் எழுத்தும் தெரியாது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசிக்கத் தெரியாமலே வாசித்துக் காட்டுகிறான்! கேட்காத குரலைக் கேட்டதாகச் சொன்ன நானும் அவனும் ஒன்றுதானே?

அன்று சாயங்காலத்திலிருந்து அவனைப் பள்ளி முடிந்தபின் உட்கார வைத்தேன். பால் டின் அட்டைகளை வெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதினேன். அந்த வருஷ முடிவில் இறையியல் படிப்பு விண்ணப்பம் தபாலில் வந்தது. அட்டை வெட்டுகிற மும்முரத்தில் அதை மேசையறையில் போட்டவன், கெடு கடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் நினைவு வந்து எடுத்தேன். மறந்தே போயிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சபையில் திருத்துவதற்கு மட்டும் எனக்கு இன்னும் மூன்று மாதம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, "நான் சொன்னது பொய்" என்றேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அறுபத்து மூன்று வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டார்கள். இரண்டு வருஷம் எனக்கு ஞாயிறுப் பள்ளியில்கூட வகுப்புத் தரவில்லை, ஆராதனை முடிந்து நாற்காலி அடுக்கினேன். விசுவாசத்தில் வளர்ந்தேன் என்று நான் எதையாவது சொல்ல முடியுமானால் அந்த நாற்காலி அடுக்கிய இரண்டு வருஷத்தைத்தான் சொல்வேன். அதற்கு முன் நான் நீளமாக, அழகாக ஜெபிப்பேன். அதன் பிறகு என் ஜெபம் சின்னதாகிவிட்டது. ஏமாற்றப்பட்ட அதே சனங்கள் நடுவில் வாரா வாரம் போய் உட்கார்ந்தால், வேதத்தில் மன்னிப்பு என்ற வார்த்தை வரும்போது அது வெறும் வார்த்தையாக இருக்காது.

பிள்ளைகளே, உங்களுக்கு அழைப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. மேடையில் எழுந்து நிற்கச் சொல்லும்போது வருவதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான். உங்களை முகஸ்துதி செய்யாத ஒரு பெரியவரிடம் போய்க் கேளுங்கள். பெற்றோர்களே, கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒன்று. "என் மகன் டாக்டர் ஆகியே தீரணும்" என்கிறோமே, அதுவும் ஒரு பொருத்தனைதான். பிள்ளை எழுந்து நிற்கிறான் என்றால் யார் கூப்பிட்டு எழுந்தான் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

என் தாயார் இதை லேசில் ஏற்கவில்லை. "ஆண்டவருக்குக் கொடுத்த பிள்ளையை நீ பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துட்டே" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குமேல் ஏறக்குறைய ஒரு வருஷம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். வெளியாரிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவன் ஐயராப் போயிருக்க வேண்டியவன்" என்பார், கடைசிவரை.

முதுமையில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் நான்தான் வேதம் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் அவரே சாமுவேலின் கதையை வாசிக்கச் சொன்னார். பயந்துகொண்டேதான் வாசித்தேன். அன்னாள் வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கோவிலுக்குக் கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுப்பாள் என்ற இடம் வந்தது. "நிறுத்து" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "வருஷத்துக்கு ஒரு வாட்டிதானே பார்க்கிறா? பிள்ளை வளர்ந்திருப்பானே. அளவு எப்படிடா தெரிஞ்சுது அவளுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் மேலே வாசித்தேன்.