காகிதத்துக்கு முன் தோலைப் பார்ப்பார்கள்



குடியேற்றச் சட்டத்தையும் நகரப் போலீசே பார்த்துக்கொள்ளட்டும் என்ற குரல் அமெரிக்கா எங்கும் ஓங்கி ஒலிக்கிறது. 1996-இல் குடியேற்றச் சட்டத்தில் வந்த 287(ஜி) என்ற பிரிவு அதற்கு வழிவிடுகிறது. மத்திய அரசோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் உள்ளூர் போலீஸ்காரரும் குடியேற்ற அதிகாரியின் வேலையைச் செய்யலாம். 2025 முடிவதற்குள் அந்த ஒப்பந்தங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. நம் தமிழர்களிலும் சிலர் தலையாட்டுகிறார்கள். “நாம் முறையாக வந்தவர்கள், நமக்கென்ன?” என்கிறார்கள். அவர்களிடம் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1997 ஜூலையில் அரிசோனாவில் நம் சாண்ட்லர் நகரிலேயே என்ன நடந்தது தெரியுமா? சாண்ட்லர் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஐந்து நாள் தெருத்தெருவாகச் சலித்தார்கள். 432 பேரைப் பிடித்து வெளியேற்றினார்கள். சரி, அவர்களிடம் காகிதம் இல்லை. இருந்தவர்கள் தப்பினார்களா? மளிகைக் கடை வாசலில் பையோடு நின்றவர்களை மறித்தார்கள். இரவில் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மறிக்கப்பட்டவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள்! தோலின் நிறத்தையும் ஸ்பானிஷ் பேச்சையும் தவிர வேறு காரணம் இல்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமே விசாரித்துச் சொன்னது. 1999-இல் நகரம் 4 லட்சம் டாலர் கொடுத்து, தன்மேல் போடப்பட்ட வழக்கை முடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகாவது திருந்தினார்களா? நம் மாரிகோப்பா கவுண்ட்டியின் அப்போதைய ஷெரிஃப் ஜோ அர்பாயோ அதையே கொள்கையாக்கினார். லத்தீனோ மக்களை இனம் பார்த்து நிறுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். நீதிமன்ற ஆணையை மீறியதற்காக 2017-இல் அர்பாயோ குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டார். அந்த வழக்கின் செலவு மட்டும் வரி கட்டும் நம் தலையில்!

“அதெல்லாம் மெக்சிகோக்காரர்களுக்கு” என்பீர்கள். சாலையோரம் நிற்கும் போலீஸ்காரருக்கு மதுரையும் மெக்சிகோவும் ஒரே நிறம்தான், ஐயா!

காகிதத்தையே பார்க்கட்டும். ஹெச்-1பி வேலை விசா நீட்டிப்புக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்களே, தங்கும் காலத்தைக் காட்டும் உங்கள் ஐ-94 தாளில் தேதி முடிந்திருக்கும். மனு நிலுவையில் இருந்தால், அதே கம்பெனியில் 240 நாள் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்குத் தெரியும், உங்கள் வக்கீலுக்குத் தெரியும். பின்னால் சைரன் போட்டு வருகிறவருக்குத் தெரியுமா? தேதி முடிந்த தாளைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்?

தாய்மார்களே, இனி சொல்வதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. ஹெச்-4 விசாவில் வந்த பெண்ணின் இருப்பே கணவனின் விசாவில் தொங்குகிறது. அடிக்கிறவன் அதை வைத்துத்தான் மிரட்டுவான்: “911-க்குப் போன் போடு பார்க்கலாம், உன்னைத்தான் ஊருக்கு ஏற்றுவார்கள்.” கதவைத் திறந்ததும் போலீஸ் விசாவைக் கேட்டால் அவன் சொன்னது மெய்யாகிவிடும். குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுகிறவர்களுக்காக 2000-இல் காங்கிரஸ் யு விசாவைக் கொண்டுவந்தது. அதற்குப் போலீஸ் தரப்பின் சான்று வேண்டும். சான்று தருகிற கையே விலங்கும் மாட்டும் என்றால் எந்தப் பெண் ஸ்டேஷன் படியேறுவாள்?

“சட்டம் சட்டம்தானே” என்கிறார்கள். நானும் சட்டத்தைத்தான் சொல்கிறேன். அரிசோனாவின் குடியேற்றச் சட்டமான எஸ்.பி. 1070-இல் மூன்று பிரிவுகளை 2012-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அனுமதியின்றித் தங்கியிருப்பது மட்டுமே பொதுவாகக் கிரிமினல் குற்றம் ஆகாது என்றும் சொன்னது. நிறுத்தப்பட்டவர்மீது சந்தேகம் இருந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்கச் சொல்லும் பிரிவு தப்பியது, உண்மை. புலனாய்வுக்கு இடையூறு என்றால் விட்டுவிடுங்கள் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. புகார் கொடுக்க வந்தவரிடம் காகிதம் கேள் என்று அதில் எங்கே இருக்கிறது?

ஆகவே நகர மன்றக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். குடியுரிமை பெற்றவர்கள் எழுந்து பேசுங்கள். உங்கள் ஓட்டு அவர்களுக்கு வேண்டும். விசாவில் இருப்பவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், அவருக்கும் சேர்த்து நீங்கள் பேசுங்கள். 287(ஜி)-இல் கையெழுத்திட மாட்டோம், புகார் கொடுப்பவரிடமும் சாட்சியிடமும் விசா கேட்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்காமல் நாம் வீடு திரும்பக் கூடாது.