பிரதியின் தேதி

சென்ற மாதம் என் பழைய கணினியிலிருந்த படங்களையும் கடிதங்களையும் புதிய கணினிக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் தவறாமல் வந்து சேர்ந்தன என்ற திருப்தியோடு பார்வையிட்டபோது, என் மகளின் முதல் பிறந்தநாள் படம் முதற்கொண்டு காலஞ்சென்ற என் தந்தையாரின் கடிதம் வரையில், யாவும் அன்று பிற்பகல் உருவானவையென்று கணினி சாதித்தது.

அது பொய் சொல்லவில்லை. விண்டோஸில் 'உருவாக்கிய தேதி' என்பது அந்தப் பிரதி அந்த வட்டில் குடியேறிய நேரமே. திருத்திய தேதியோ பெரும்பாலும் பழையபடியே நிற்பதால், பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு என்னும் விசித்திரப் பிராணியை அங்கே தரிசிக்கலாம். நம் ஏட்டுச்சுவடிகளின் இறுதியில் எழுதினவர் குறித்துவைத்த வருஷமும் இத்தகையதே: அது நூல் பிறந்த காலமன்று, பிரதி முடிந்த காலம், அதிலும் வெறும் 'பிலவ' என்றிருந்தால், 60 வருஷத்துக்கொருமுறை திரும்பி வரும் பிலவ வருஷங்களுள் எது என்று ஆராய்ச்சியாளர் திண்டாட வேண்டியதுதான்.

காமிராப் படங்களின் நிலை சற்று மேல். ஜப்பானில் 1995-இல் வகுக்கப்பட்ட எக்சிஃப் என்னும் முறைப்படி, எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. மூலம் தோன்றிய நேரத்துக்கு ஓரிடமும், அது எண்வடிவம் பெற்ற நேரத்துக்கு வேறோரிடமுமாக அதை வகுத்தவர்களின் விவேகத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் எந்த தேசத்து மணி என்று குறிப்பதற்கு 2016 வரையில் அதில் இடமில்லை. காமிராவின் கடிகாரம் பிசகியிருந்தால் பிசகும் அப்படியே சாசனமாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலோ அந்தக் குறிப்பே உதிர்ந்துபோகும்.

ஆகையால் கோப்பின் பெயரிலேயே வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதிவிடுகிறேன். அப்படி எழுதினால் பெயர்வாரியாக அடுக்கும்போதே காலவரிசையும் அமைந்துவிடுகிறது. தந்தையார் என் தாயாருக்கு எழுதிய அக்கடிதத்தை மட்டும் அவ்வாறு செய்ய இயலவில்லை. 2009-இல் ஸ்கேன் செய்த அதில் தேதியே இல்லை. உறையின் முத்திரையில் 1967 மட்டும் தெளிவாக இருக்கிறது, மாதம் மசியில் கலங்கிக் கிடக்கிறது. மழை விட்டதும் புறப்படுவதாக எழுதியிருக்கிறார். ஐப்பசி மழையா, கார்த்திகை மழையா என்று அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.