சாவி யார் கையில்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கிக் குமாஸ்தா. அப்பப்ப கவிதை எழுதுறவன். பள்ளி நூலகத்தைப் பத்திப் பேச எனக்கென்ன தகுதின்னு கேட்கலாம். நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருந்த ரெண்டு பீரோ. சனிக்கிழமையானா சேரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தூசி தட்டச் சொல்வார்கள். தட்டினோம். அட்டையில் இருந்த பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. தட்டி முடிச்சதும் பூட்டிடுவாங்க. இதுதான் என் தகுதி.

சாவி வைத்திருந்த ஆசிரியருக்கு நூலகம் கூடுதல் வேலை. புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். நியாயம்தான். ஆனா ஊர்த்தெருப் பிள்ளை கேட்டப்ப அந்தப் பயம் வரலை. நாங்க கேட்டப்பதான் வந்தது. சாதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், செய்தித்தாளும் கதைப் புத்தகமும் வேண்டும் என்கிறது. நூலகர் வேண்டும் என்று அதில் இல்லை. ஆளில்லாத நூலகம் பூட்டுக்குத்தான் வாழ்க்கைப்படும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. வங்கிக்காரனா சொல்றேன்: பணத்தைப் பூட்டி வச்சா வட்டி வராது. வாராக்கடன் இருக்கத்தான் செய்யும். அதுக்காக எந்த வங்கியும் கடன் கொடுப்பதை நிறுத்துறதில்லை. நாலு புத்தகம் கிழியட்டுமே!

பதிவேடு எழுதுவது, அடுக்குவது, கிழிந்ததை ஒட்டுவது எல்லாம் நூலகரின் பாதி வேலை. இந்தப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம்னு எடுத்து நீட்டுறது மீதிப் பாதி. அம்பேத்கர் ஆங்கில நான்காம் வகுப்பு தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாதா கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பையன்தான் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். ஒரு புத்தகம் எவ்வளவு தூரம் நடக்கும் பாருங்க.

ஒரு வேலை சொல்றேன். ஊருக்குப் போனதும் நீங்க படிச்ச பள்ளியில் புத்தகம் கொடுத்த பதிவேட்டைக் கேளுங்க. பதிவேடே இல்லைன்னா அதுவே பதில். இருந்தா, எந்தத் தெருப் பிள்ளைகள் பேர் அதில் இல்லைன்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தை அங்கிருந்து தொடங்குவோம்.